ஐந்தாக வெட்டினால் அநியாயம், நாலாக வெட்டினால் கணக்கா?

வடக்குராஜவீதி:
நேற்று வேறொரு இழையில் ஆஸ்டின்_மாமா எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன். "தொகுதி எல்லையில் திருட்டு என்றால் அது அமெரிக்காவில்தான். இந்தியாவில் நீதிபதி தலைமையில் ஆணையம் உட்கார்ந்து, மக்கள்தொகையைப் பார்த்துக் கோடு போடுகிறது. அங்கே ஜெரிமாண்டரிங், அதாவது கட்சி லாபத்துக்காகத் தொகுதி எல்லையை வளைத்துப் போடுவது, என்ற பேச்சுக்கே இடமில்லை." இதற்கு விருப்பம் வேறு வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

மாமா, நான் புதுக்கோட்டை. எங்கள் மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதி ஆறு: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு எத்தனை சட்டமன்றத் தொகுதி? ஆறு. 234ஐ 39ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. இங்கே ஆறு, அங்கே ஆறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கோடு போட்டுப் பொருத்திவிடும். தொகுதி மறுவரையறைக்கு அமைத்த குல்தீப் சிங் ஆணையம் என்ன செய்தது? 2008இல் வந்த ஆணையில் திருச்சிக்கு இரண்டு, சிவகங்கைக்கு இரண்டு, கரூருக்கு ஒன்று, ராமநாதபுரத்துக்கு ஒன்று. 1952 முதல் தேர்தலிலிருந்து 2004 வரை இருந்த தொகுதி, வல்லத்தரசும் உமாநாத்தும் ஜெயித்த தொகுதி, பெயரே இல்லாமல் போய்விட்டது. பங்காளிச் சண்டையில்கூட யாரும் வீட்டை நாலாக இடித்துக் கல்லை அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள்.

ஆஸ்டின்_மாமா:
தனி இழையே திறந்துவிட்டீர்களா, சந்தோஷம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் தம்பி. ஆஸ்டின் நகரம் இருக்கும் டிராவிஸ் கவுன்டியில்தான் நான் இருக்கிறேன்; அதை 2011இல் டெக்சஸ் சட்டமன்றம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஐந்து தொகுதிகளுக்குப் பிய்த்துக் கொடுத்தது. அதில் 35ஆம் தொகுதி ஆஸ்டினில் ஆரம்பித்து, நெடுஞ்சாலையை ஒட்டியே ஒல்லியாக இறங்கி, சான் அன்டோனியோவில் போய்த் தலையை நுழைக்கும். கோடு போட்டவர்கள் ஆளுங்கட்சிக்காரர்கள். ஆஸ்டின்காரன் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுவான் என்பதால் அவனைத் துண்டு துண்டாக்கிப் பக்கத்துக் கிராமத்து ஓட்டில் கரைத்தார்கள். 2025இல் அடுத்த கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஐந்து இடம் கூடுதலாக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரைபடத்தைத் திருத்தினார்கள். பதிலுக்குக் கலிபோர்னியா நவம்பரில் வாக்கெடுப்பு வைத்துத் தன் வரைபடத்தை மாற்றியது. கட்சி லாபத்துக்காக வரைந்த எல்லையைக் கூட்டாட்சி நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019லேயே கையை உதறிவிட்டது. இதற்குப் பெயர்தான் கெரிமாண்டரிங். உங்கள் ஊரில் நடந்தது கூட்டல் கழித்தல். இரண்டுக்கும் ஆறு வித்தியாசம் இல்லை, அறுபது வித்தியாசம்.

வடக்குராஜவீதி:
ஐந்தாக வெட்டினால் அநியாயம், நாலாக வெட்டினால் கணக்கு. நல்ல நியாயம் மாமா.

உங்கள் டிராவிஸ் கவுன்டியில் 2010 கணக்குப்படி பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள், ஒரு தொகுதிக்கு ஏழு லட்சம். எப்படிப் போட்டாலும் அது ஒரே தொகுதிக்குள் அடங்காது, எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு அந்தச் சாக்குக்கூட இல்லையே! ஆணையம் எடுத்துக்கொண்டது 2001 கணக்கெடுப்பு. தமிழ்நாடு 6.24 கோடி, 39ஆல் வகுத்தால் தொகுதிக்கு 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டம் 14.6 லட்சம். பத்து சதவீதம்கூடக் குறைவில்லை. ஆறு தொகுதி, கிட்டத்தட்ட அதே தலைக்கணக்கு. அடங்காததை வெட்டிய உங்கள் ஊர்க்காரன் திருடன், அடங்கியதை வெட்டிய ஆணையம் புனிதர்.

சும்மாபார்க்கிறேன்:
ஜெரியா கெரியா? மாமா நேற்று ஜெ, இன்று கெ.

ஆஸ்டின்_மாமா:
1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. அவர் கையெழுத்துப் போட்ட தொகுதி ஒன்று பார்ப்பதற்கு சாலமாண்டர் பல்லி மாதிரி இருந்ததால் இந்தப் பெயர். அவர் பெயர் கெர்ரிதான். இங்கே ஜெரி என்று சொல்லியே பழகிவிட்டார்கள்.

சும்மாபார்க்கிறேன்:
சாலமாண்டர் பல்லி இல்லை சார், தவளை மாதிரி நீரிலும் நிலத்திலும் வாழும் வகை.

ஆஸ்டின்_மாமா:
பார்ப்பதற்குப் பல்லி மாதிரி என்றேன்.

பஸ்பாடி_கரூர்:
கரூருக்கு ஒன்று கொடுத்தார்களாம், பெரிய சீதனம். அண்ணே, விராலிமலையை நாங்கள் கேட்கவே இல்லை. எங்கள் மாவட்டத்திலும் நாலு தொகுதிதான். அதில் குளித்தலையைப் பிடுங்கிப் பெரம்பலூருக்குக் கொடுத்துவிட்டு, திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர், திருச்சியிலிருந்து மணப்பாறை, உங்களிடமிருந்து விராலிமலை என்று ஒட்டுப்போட்டுத் தந்தார்கள். கிழிந்த சட்டை எங்களுடையதும்தான். நாங்கள் இழை திறந்து அழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வடக்குராஜவீதி:
உங்கள் சட்டையில் ஒட்டு. எங்களுக்குச் சட்டையே இல்லை. கரூர் என்ற பெயரில் பாராளுமன்றத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் இல்லையா?

விராலிமலை என்றதும் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம்தான் என் அக்கா வீடு. அக்கா மகனுக்கு இதய ஆபரேஷன், பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. கடிதம் வேண்டும். விராலிமலையில் நின்றால் திருச்சி 30 கிலோமீட்டர், புதுக்கோட்டையும் எட்டும் தூரம். ஆனால் எம்.பி. இருப்பது கரூரில். மணப்பாறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து குளித்தலைக்கு ஒன்று, அப்புறம் கரூருக்கு ஒன்று. மடியில் ஸ்கேன் ரிப்போர்ட் உறை, அதன்மேல் தூக்குவாளி, வெயிலில் மச்சான் தலை தொங்கித் தூங்குகிறார். ஒருவரையும் குறை சொல்லவில்லை, கடிதம் மரியாதையாகக் கொடுத்தார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வர இரவு பதினொன்று ஆனது. வரைபடத்தில் ஒரு அங்குலக் கோடு, மச்சானுக்கு ஒரு நாள் கூலி.

பஸ்பாடி_கரூர்:
நீங்கள் போன மூன்று பஸ்ஸுக்கும் பாடி கட்டியது எங்கள் ஊர்தான். சௌகரியமாக உட்கார்ந்துதானே போனீர்கள்?

ஆத்தங்குடிக்கல்:
அடங்கியது, அடங்கவில்லை என்று ஒரே பாட்டு. சிவகங்கை மாவட்டத்திலும் நாலுதான்: காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை. ராமநாதபுரத்திலும் நாலு. அவர்களுக்குத் திருச்சுழியை விருதுநகரிலிருந்து எடுத்துக் கொடுத்தும் ஒன்று குறைந்தது, அறந்தாங்கி போனது. எங்களுக்கு இரண்டு குறைந்தது, திருமயமும் ஆலங்குடியும் வந்தன. பக்கத்து வீட்டில் அரிசி குறைந்தால் கொடுப்பதுதானே முறை. முட்டை மாஸ் எந்த ஊர்ச் சாப்பாடு என்ற இழையிலும் இப்படித்தான், உலகத்தில் எல்லாமே புதுக்கோட்டைக்குச் சொந்தம் என்று மூன்று நாள் கத்தினீர்கள்.

வடக்குராஜவீதி:
முட்டை மாஸ் புதுக்கோட்டைதான், அதில் பேச்சே இல்லை. அந்த இழையில் பதில் சொல்லாமல் ஓடிப்போனவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நீங்களே கணக்கைச் சொல்லிவிட்டீர்கள், நன்றி. திருச்சிக்கு இரண்டு பள்ளம், சிவகங்கைக்கு இரண்டு பள்ளம், கரூருக்கு ஒன்று, ராமநாதபுரத்துக்கு ஒன்று. கூட்டினால் ஆறு. நாலு ஊர்ப் பள்ளத்தையும் மூட எங்கள் ஒரே மாவட்டத்து மண். அரிசி கொடுப்பது முறைதான், பானையோடு தூக்கிப்போவது எந்த ஊர் முறை?

பேராவூரணித்_தென்னை:
ரொம்ப நேரமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ராஜவீதி அண்ணே, பழைய புதுக்கோட்டைத் தொகுதி என்று கண்ணீர் விடுகிறீர்களே, அதில் எது எது இருந்தது என்று சொல்லவே இல்லை. நான் சொல்கிறேன். குளத்தூர், புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, பேராவூரணி. கடைசி இரண்டும் தஞ்சாவூர் மாவட்டம். நாங்கள் எத்தனை வருஷம் உங்கள் தொகுதியில் ஓட்டுப் போட்டோம், ஒருநாளாவது எங்களுக்காக அழுதீர்களா? திருமயம் அப்போதே சிவகங்கையில்தான் இருந்தது. உங்கள் மாவட்டம் முழுசாக ஒரே தொகுதியில் அப்போதும் இருந்ததில்லை. 2008இல் எங்களைத் தஞ்சாவூரோடு சேர்த்தார்கள், நாங்கள் வெடி போட்டோம்.

ஆத்தங்குடிக்கல்:
😂😂 திருமயம் எங்களுடையது என்று அப்போதே சொன்னேனே.

வடக்குராஜவீதி:
திருமயம் கோட்டையைப் பெயர்த்துக் காரைக்குடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னை, நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் அப்போது மாவட்டத்தில் நாலு தொகுதியாவது ஒன்றாக இருந்தது, பெயர் இருந்தது. இப்போது எந்தத் தொகுதியிலும் இரண்டுக்கு மேல் இல்லை. ஆறில் இரண்டு எப்போதும் சிறுபான்மைதான். புதுக்கோட்டைக்காரன் எந்தத் தொகுதியிலும் ஜெயிக்கத் தேவையான ஆள் இல்லை, ஒப்புக்குச் சப்பாணி. மாமா, ஆஸ்டின்காரனைக் கிராமத்து ஓட்டில் கரைத்தார்கள் என்றீர்களே, அதே கரைசல்தான் இது. 2009இல் எங்கள் ஊரில் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்குப் போய், யாருக்கும் ஓட்டில்லை என்று 49-ஓ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள் தெரியுமா? நோட்டா பொத்தான் வராத காலம். எல்லோர் எதிரிலும் பெயர் சொல்லி, விரல் மை வைத்து, கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன்.

ஆஸ்டின்_மாமா:
மறுபடியும் கேட்கிறேன், இது மூன்றாவது தடவை. எந்தக் கட்சிக்கு லாபம்? கோடு போட்டவனுக்கு லாபம் இருந்தால்தான் அது திருட்டு. குல்தீப் சிங் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். திருச்சியில் யார் ஜெயித்தால் அவருக்கு என்ன?

வடக்குராஜவீதி:
முதல் தடவைதான் கேட்கிறீர்கள்.

லாபம் கட்சிக்கு மட்டும்தான் வருமா? ஆணையத்தில் மாநிலத்துக்குப் பத்து இணை உறுப்பினர்கள், ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் நாற்காலி உண்டு, வாய் உண்டு. எங்கள் மச்சானுக்கு நாற்காலி போட்டார்களா?

கருப்புகோட்டு:
பொது விசாரணை நடத்தாமல் ஆணை வெளியிட முடியாது, சட்டத்திலேயே இருக்கிறது. மச்சான் போயிருக்கலாம். 2002 மறுவரையறைச் சட்டம் 9ஆம் பிரிவு, தொகுதி கச்சிதமான நிலப்பரப்பாக இருக்க வேண்டும், நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறது. "முடிந்த வரை" என்ற வார்த்தையும் அதில் இருக்கிறது. அந்த வார்த்தையில்தான் உங்கள் ஆறும் போனது. அரசமைப்பு 329ஆவது பிரிவுப்படி இதை நீதிமன்றத்தில் கேட்க முடியாது, உச்ச நீதிமன்றத்தின் மேக்ராஜ் கோத்தாரி தீர்ப்பிலிருந்து அதுதான் நிலை. 2024இல்தான் உச்ச நீதிமன்றம், அப்பட்டமான தன்னிச்சை இருந்தால் பார்க்கலாம் என்று ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது.

மாமாவுக்கும் ஒன்று. இந்தியாவில் பேச்சுக்கே இடமில்லை என்றால் 2022 ஜம்மு காஷ்மீர் மறுவரையறை ஆணை என்ன? ஜம்முவுக்கு 37 இடம் 43 ஆனது. மக்கள்தொகை அதிகமுள்ள காஷ்மீருக்கு 46 இருந்தது 47 ஆனது. அதுவும் நீதிபதி தலைமையிலான ஆணையம்தான். முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் அறிக்கையும் 2006லேயே, முஸ்லிம்கள் அதிகமுள்ள தொகுதிகள் சில மாநிலங்களில் தனித்தொகுதி ஆக்கப்படுவதைக் குறித்திருக்கிறது. பேச வேண்டியது இவை. புதுக்கோட்டையைச் சுற்றியே வந்தால் எப்படி?

வடக்குராஜவீதி:
புதுக்கோட்டை இழைக்கு வந்து புதுக்கோட்டையைப் பேசாதே என்கிறார் வக்கீல். கட்டணம் உண்டா?

ஆஸ்டின்_மாமா:
காஷ்மீர் விதிவிலக்கு.

கருப்புகோட்டு:
விதி எது?

சும்மாபார்க்கிறேன்:
எல்லோரும் கொஞ்சம் வெளியே எட்டிப் பாருங்கள். அடுத்த மறுவரையறையில் தமிழ்நாட்டின் 39க்கே ஆபத்து என்று கிட்டத்தட்ட எல்லாக் கட்சியும் கத்துகிறது. 1962இல் நமக்கு 41, 1967 தேர்தலுக்கு 39 ஆனது. 1976லிருந்து உறைய வைத்த எண்ணிக்கையை எடுத்துவிட்டால் குடும்பக் கட்டுப்பாடு செய்தவன் ஏமாளி. இதில் நீங்கள் திருமயம் யாருடையது என்று.

வடக்குராஜவீதி:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! டெல்லி நம் பங்கைக் குறைத்தால் மாநில உரிமை என்று கொடி பிடிக்கிறீர்கள். திருச்சியும் சிவகங்கையும் எங்கள் பங்கைத் தின்றால் மட்டும் கூட்டல் கழித்தல். இந்த இழையில் 39க்காக உருகுகிறவர்களில் ஒருவராவது எங்கள் ஒன்றுக்காகப் பேசினீர்களா?

பேராவூரணித்_தென்னை:
சரி, பேசுகிறேன். 39 என்பது 39தான். புதுக்கோட்டை உள்ளே வந்தால் ஒரு பெயர் வெளியே போக வேண்டும். எது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வடக்குராஜவீதி:
அது ஆணையத்தின் வேலை.

பேராவூரணித்_தென்னை:
எது?

பஸ்பாடி_கரூர்:
கரூர் என்று எழுதிப் பாருங்கள், நானும் ஒரு இழை திறக்கிறேன்.

வடக்குராஜவீதி:
கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். பெரம்பலூர். அந்த மாவட்டத்தின் ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதிதான் அந்த மக்களவைத் தொகுதியில் இருக்கிறது, இன்னொன்றான குன்னம் சிதம்பரத்தில். மற்றபடி குளித்தலை கரூர் மாவட்டம். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நாலும் திருச்சி மாவட்டம். லால்குடியும் மண்ணச்சநல்லூரும் காவிரிக்கு அந்தக் கரை, பாலம் தாண்டினால் திருச்சி. அவற்றைத் திருச்சிக்குக் கொடுங்கள், திருச்சி நிறைந்தது. குளித்தலையைக் கரூருக்குக் கொடுங்கள், அது அவர்கள் சொத்துதான், கரூரும் நிறைந்தது. விராலிமலை, கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை வீடு திரும்பியாயிற்று. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நான் முடித்துவிட்டேன், ஆணையம் ஏன் அத்தனை வருஷம் எடுத்தது என்று தெரியவில்லை.

பஸ்பாடி_கரூர்:
குளித்தலை திரும்பி வருவது நல்ல விஷயம்தான். இதை நான் ஆதரிக்கிறேன்.

பேராவூரணித்_தென்னை:
டீயை முழுசாகக் குடியுங்கள். மிச்சம் முசிறி, துறையூர், பெரம்பலூர், மூன்று. அந்தப் பக்கம் திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கியை நீங்கள் எடுத்துக்கொண்டால் சிவகங்கைக்கு இரண்டு, ராமநாதபுரத்துக்கு ஒன்று குறைகிறது, அதுவும் மூன்று. எண்ணிக்கை பொருந்திவிட்டது, அருமை. துறையூரை ராமநாதபுரத்தோடு சேர்க்கப் போகிறீர்களா? பச்சைமலையிலிருந்து பாம்பன் வரைக்கும் ஒரே தொகுதி. மாமாவின் பல்லியைவிட நீளம்.

ஆஸ்டின்_மாமா:
இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கணக்கு.

ஆத்தங்குடிக்கல்:
முசிறி வாழைப்பழம் வந்தால் சிவகங்கைக்குச் சம்மதம்.

வடக்குராஜவீதி:
கிண்டல் பண்ணுங்கள். நடுவில் மதுரை, திண்டுக்கல் இருக்கின்றன, ஒவ்வொன்றாக நகர்த்தினால் வரும். வராவிட்டால் அது என் குற்றமா? அறந்தாங்கியிலிருந்து ராமநாதபுரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். அதைச் சேர்க்கும்போது யாரும் பல்லி என்று சிரிக்கவில்லையே! சட்டமன்றத் தேர்தலில் மட்டும் எங்கள் ஆறும் ஒரு மாவட்டம். ஒரே கலெக்டர். ஒரே கலெக்டர் ஆபீஸில் நாலு எம்.பி.க்கும் நாற்காலி போட வேண்டும், ஒரு கூட்டத்திலாவது நாலும் நிறைந்து நான் பார்த்ததில்லை.

கருப்புகோட்டு:
கூட்டத்துக்கு நீங்கள் எப்படிப் போனீர்கள்?

வடக்குராஜவீதி:
வெளியே நின்றேன்.

மட்டுறுத்துநர்:
முட்டை மாஸ், வாழைப்பழம் தொடர்பான எட்டுப் பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்பை ஒட்டி எழுதவும்.

மலைக்கோட்டைமணி:
திருச்சியிலிருந்து ஒரு குரல். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் எங்கள் தொகுதியில் இருப்பதே இந்த இழையைப் படித்துத்தான் தெரியும். 😬

வடக்குராஜவீதி:
இதோ. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பதினைந்து வருஷத்துக்கு மேல் கூடவே ஓட்டுப் போடுகிறோம், நாங்கள் இருப்பதே இவருக்குத் தெரியாது. மாமா, படித்தீர்களா? வக்கீல்?

ஆஸ்டின்_மாமா:
இங்கே மணி காலை ஐந்து. ஒருவருக்குத் தெரியவில்லை என்பது ஆதாரம் ஆகாது. எந்தக் கட்சிக்கு லாபம் என்று இன்னும் சொல்லவில்லை. தூங்கப் போகிறேன்.

வடக்குராஜவீதி:
போங்கள். எழுந்து வந்து ஆறையும் ஆறையும் பொருத்திப் பாருங்கள்.

சின்னவெங்காயம்:
இப்போதுதான் உள்ளே வந்தேன். பெரம்பலூரை எடுத்துவிடலாம் என்று சொன்னது யார்?